டப்பால போட்டிருக்கிறது எடை, பேரலுக்கு வேண்டியது நீளம்

ரெண்டு புல்லட்டை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒண்ணு வியட்நாம் போர்ல அமெரிக்கக்காரன் எம்16ல போட்டுச் சுட்ட எம்193, 55 கிரெய்ன். இன்னொண்ணு சோவியத் ஏகே-74ஓட 5.45 மில்லிமீட்டர் தோட்டால வர்ற 7என்6, 53 கிரெய்ன். (தோட்டாங்கிறது கேஸ், மருந்து எல்லாம் சேந்த முழுசு, புல்லட்ங்கிறது அதுல இருந்து பறந்து போற முனை மட்டும்.) ஒரு கிரெய்ன்ங்கிறது 0.065 கிராம், அப்போ ரெண்டுமே மூன்றரை கிராம் சுமார்தான், கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கையில வாங்கினா எது எதுன்னு சொல்ல முடியாது. விட்டமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா பேரல், அதாவது துப்பாக்கிக் குழல், அதோட உள்சுவர்ல திருகிக்கிட்டுப் போற வரி எம்16ஏ1ல 12 இன்ச்சுக்கு ஒரு சுத்து, ஏகே-74ல 200 மில்லிமீட்டருக்கு ஒரு சுத்து, அதாவது 8 இன்ச்சுக்கும் கொஞ்சம் கம்மி. இந்த முறுக்குக்குத்தான் ட்விஸ்ட்னு பேரு. "எடை கூடினா ட்விஸ்ட் கூடணும்"னு எல்லாரும் சொல்றாங்களே, இங்க ரெண்டு கிரெய்ன் கம்மியா இருக்கிறவனுக்குத்தான் ஒன்றரை மடங்கு முறுக்கு வச்சிருக்கான். ஏன்?

ஸ்கேலை வச்சுப் பாத்தா விடை வந்துடும். எம்193 சுமார் 19 மில்லிமீட்டர் நீளம், 7என்6 25 மில்லிமீட்டர். ரஷ்யாக்காரன் புல்லட்டுக்குள்ள ஈயத்துக்குப் பதிலா பெரும்பாலும் எஃகு, மூக்குப் பக்கம் ஒரு காலி இடம் வேற, அதனால எடை ஏறாம நீளம் மட்டும் ஏறிடுச்சு. நான் சொல்ல வர்றதே அதான், பேரல் எடையைக் கேக்கவே இல்ல, நீளத்தைத்தான் கேக்குது, நாமதான் தோட்டா டப்பா மேல பெருசா அச்சடிச்சிருக்குன்னு எடையைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கோம்.

புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு நிமிஷம். பேரலுக்குள்ள எட்டிப் பாத்தா சுவர்ல வரி வரியா திருகிக்கிட்டே போகும், அதுதான் ரைஃப்ளிங், போல்ட்ல இருக்கிற மரையை ரெண்டு முனையிலயும் பிடிச்சு நல்லா நீட்டி இழுத்து விட்டா எப்படி இருக்குமோ அப்படி. அந்த வரி ஒரு முழுச் சுத்து முடிக்க எத்தனை இன்ச் ஆகுதோ அதுதான் ட்விஸ்ட் ரேட். 1:12ன்னா 12 இன்ச்சுக்கு ஒரு சுத்து, 1:7ன்னா 7 இன்ச்சுக்கு ஒரு சுத்து. நம்பர் சின்னதா ஆக ஆக முறுக்கு ஜாஸ்தி. இதை முதல் தடவை எல்லாரும் தலைகீழாதான் புரிஞ்சுக்குவாங்க, நானும் அப்படித்தான் ரொம்ப நாள் இருந்தேன்.

சரி, எதுக்கு சுத்தணும்? சின்ன வயசுல தென்னை ஈர்க்குல அம்பு செஞ்சு விட்டவங்களுக்கு இது கையிலயே தெரியும், நுனியில ஒரு தார் உருண்டையோ களிமண்ணோ ஒட்டினா நேரா போகும், ஒட்டலன்னா ரெண்டு முழம் போனதும் குறுக்கால திரும்பிக்கும். கனம் முன்னாடி இருக்கணும், காத்து பின்னாடி பிடிக்கணும், அப்பத்தான் அம்பு அம்பா போகும். கூர்மூக்கு புல்லட்ல இது அப்படியே தலைகீழ், மூக்கு ஒல்லி, கனமெல்லாம் பின்பக்கம், காத்து தள்ளுற இடம் முன்பக்கம், சும்மா விட்டா அது பின்பக்கத்தை முன்னாடி கொண்டு வரத்தான் பாக்கும். அதை அடக்கி வைக்கிறது சுழற்சி ஒண்ணுதான், பம்பரம் வேகமா சுத்துற வரைக்கும் ஆணி மேல நிக்குதே அதே சங்கதி. குண்டா குட்டையா இருக்கிற பம்பரத்தை நிறுத்துறது சுலபம், ஒல்லியா நெட்டையா இருக்கிறதை நிறுத்தணும்னா வெறித்தனமா சுத்தணும். புல்லட் நீண்டுச்சுன்னா காத்துக்குக் கிடைக்கிற நெம்புகோலும் கூடவே நீளுது.

இதுல வேடிக்கை என்னன்னா எடை உண்மையில நமக்குத் துணைதான். அதே நீளம், அதே உருவம், உள்ள மட்டும் இன்னும் கனமான சரக்கு போட்டா புல்லட் இன்னும் உறுதியா நிக்கும். அப்புறம் ஏன் "கனமான புல்லட்டுக்கு வேகமான ட்விஸ்ட்"னு பேச்சு வந்துச்சுன்னா, விட்டம் மாறாம எடையைக் கூட்டணும்னா நீளத்தைத்தான் கூட்ட முடியும். எல்லா புல்லட்டும் செம்பு உறைக்குள்ள ஈயம்னு இருந்த காலத்துல எடையைச் சொன்னாலே நீளத்தைச் சொன்ன மாதிரி, குறுக்கு வழி ஒழுங்கா வேலை செஞ்சுது. உள்ள எஃகு, பின்னாடி ட்ரேசர் மருந்து (புல்லட் போற வழி கண்ணுக்குத் தெரியறதுக்காக எரிஞ்சுக்கிட்டே போறது), மூக்குல பிளாஸ்டிக், முழுக்க முழுக்கச் செம்புன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சதும் அந்தக் குறுக்கு வழி நம்மளை முட்டுச்சந்துல கொண்டு போய் விட்டுடுச்சு.

சுழற்சி போதலன்னா என்ன ஆகும்னு டார்கெட் பேப்பரே காட்டிக் கொடுத்துடும். ஒழுங்கா போன புல்லட் வட்டமா ஓட்டை போடும், தள்ளாடிப் போனது பேப்பர்ல பக்கவாட்டுல போய் விழும், ஓட்டை சாவித்துவாரம் மாதிரி நீளவாக்குல இருக்கும், அதனாலதான் அதுக்கு கீஹோல்னு பேரு. அது மாதிரி ஒண்ணு பாத்துட்டீங்கன்னா குறி பாக்குற ஸ்கோப்பைத் திருகுறதை நிறுத்திடலாம், கோளாறு ஸ்கோப்ல இல்ல.

இந்தக் கணக்கை முதல்ல கையடக்கமா ஆக்கினவர் ஆல்ஃப்ரெட் ஜார்ஜ் கிரீன்ஹில், இங்கிலாந்துல உல்விச்ல பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணக்கு வாத்தியார். 1879ல அவர் கொடுத்த சூத்திரம் ஒரு பஸ் டிக்கெட் பின்னாடி போட்டுடலாம், 150ஐ விட்டத்தோட வர்க்கத்தால பெருக்கி நீளத்தால வகுங்க, எல்லாம் இன்ச்ல, வர்ற விடைதான் ட்விஸ்ட். நொடிக்கு 2800 அடிக்கு மேல வேகம் போற நவீன ரைஃபிளுக்கு 150க்குப் பதிலா 180 போடுறது வழக்கம். சூத்திரத்துல எடை எங்கயாவது இருக்கா பாருங்க. இல்ல! ஈயம் நிரப்பின புல்லட்டோட அடர்த்தி 10.9ன்னு உள்ளுக்குள்ளயே எடுத்துக்கிட்டாரு, அவ்வளவுதான்.

போட்டுப் பாக்கலாம். எம்16ஓட 5.56 மில்லிமீட்டர் தோட்டாவோட புல்லட் விட்டம் 0.224 இன்ச், வர்க்கம் 0.0502, 180ஆல பெருக்கினா 9.03. எம்193 நீளம் 0.75 இன்ச், வகுத்தா 12. எம்16ஏ1 பேரல் ட்விஸ்ட் அப்படியே வந்துடுச்சா? இப்போ 1980ல நேட்டோ நாடுகள் பொதுவா ஏத்துக்கிட்ட பெல்ஜியம் எஃப்என் கம்பெனியோட எஸ்எஸ்109, அமெரிக்காவுல அதுக்கு எம்855னு பேரு, 62 கிரெய்ன், உள்ள எஃகு முனை வச்சதால 0.906 இன்ச் நீளம், வகுத்தா 10. அப்போ 1:10 போதுமே, பாதுகாப்புக்கு 1:9னு வச்சிருக்கலாமே, எதுக்கு எம்16ஓட அடுத்த மாடல் எம்16ஏ2ல 1:7 வரைக்கும் போனாங்க? பதில் புல்லட்டுல இல்ல, அதோட கூட வர்ற ட்ரேசர்ல இருக்கு. எம்856 ட்ரேசர், பின்பக்கம் எரிஞ்சுக்கிட்டே போற மருந்து அடைச்சது, மருந்து லேசு, அதனால எடை 64 கிரெய்ன் கூட இல்ல, நீளம் மட்டும் 1.14 இன்ச். 9.03ஐ 1.14ஆல வகுத்தா 7.9. சூத்திரம் கேக்குறதே 8க்குக் கீழ, அதுக்கு மேல குளிருக்கும் (ஏன்னு கீழ சொல்றேன்) கொஞ்சம் இடம் விட்டு வைக்கணும், அப்படித்தான் 7ல வந்து நின்னாங்க. சிப்பாய் சுடுற நூறு தோட்டால எத்தனை ட்ரேசர் இருக்குமோ தெரியாது, ஆனா மொத்தப் படையோட பேரலையும் தீர்மானிச்சது அந்த நெட்டை ட்ரேசர்தான். இதையே இப்போ பந்தயத்துல சுடுற 77 கிரெய்ன் மேட்ச் புல்லட்டோட ஒப்பிடுங்க, அது 1 இன்ச் சுமார்தான், ட்ரேசரை விட 13 கிரெய்ன் கனம், ஆனா 1:8லயே நிம்மதியா நிக்கும்.

எம்16 கதையில இன்னொரு பாகமும் இருக்கு, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச பாகம். துப்பாக்கி வடிவமைப்பாளர் யூஜின் ஸ்டோனர் கூட்டம் எம்16ஓட மூலமான ஏஆர்-15ஐக் கொண்டு வந்தப்ப பேரல் 1:12 கூட கிடையாது, 1:14. அந்த விட்டத்துல அன்னிக்கு ஓடிக்கிட்டு இருந்த .222 ரெமிங்டன் வேட்டை ரைஃபிளோட ட்விஸ்ட் அது, அங்க 50 கிரெய்ன் குட்டைப் புல்லட்டுக்கு அது தாராளம். 55 கிரெய்னுக்கும் வெயில்ல வச்சுச் சுட்டா சமாளிச்சுது. ஆனா ஆர்க்டிக் குளிர்ல டெஸ்ட் பண்ணும்போது குறி தப்ப ஆரம்பிச்சுது. குளிர்ந்த காத்து அடர்த்தி ஜாஸ்தி, 15 டிகிரில இருக்கிற காத்தை விட மைனஸ் 54 டிகிரி காத்து 30 சதவீதத்துக்கு மேல கனம், அந்த அளவுக்கு மூக்கைத் தள்ளுற பலமும் கூடிடும், விளிம்புல நின்னுட்டு இருந்த புல்லட் தலையாட்ட ஆரம்பிச்சுடுச்சு. 1963ல 1:12க்கு மாத்தினாங்க. அப்புறம் 80கள்ல புது எம்855 வந்ததும் பழைய 1:12 எம்16ஏ1 வச்சிருந்தவங்களுக்கு அதே தலைவலி திரும்ப வந்துச்சு, அமெரிக்க ராணுவக் கையேட்டுலயே இந்த புல்லட்டை அந்த ரைஃபிள்ல அவசரத்துக்கு மட்டும்தான் போடணும், அதுவும் 90 மீட்டருக்குள்ளன்னு எழுதி வச்சாங்க.

ராணுவத்துக்கு இது தலைவலின்னா வியாபாரிக்கு உயிர் போற விஷயம். 1955ல அமெரிக்காவுல ஒரே வருஷம் ரெண்டு 6 மில்லிமீட்டர் தோட்டா கடைக்கு வந்துச்சு, வின்செஸ்டரோட .243, ரெமிங்டனோட .244. ரெண்டுலயும் ஒரே விட்டம் புல்லட், சொல்லப்போனா .244க்கு மருந்து பிடிக்கிற இடம் கொஞ்சம் ஜாஸ்தி, வேகமும் ஒரு மாத்து கூட. ஆனா ரெமிங்டன் என்ன நினைச்சுதுன்னா இதை வாங்குறவன் வயல்ல வர்ற சின்னப் பிராணிகளைச் சுடத்தான் வாங்குவான்னு 75, 90 கிரெய்ன் தோட்டாவும் 1:12 பேரலும் கொடுத்துது. வின்செஸ்டர் 80, 100 கிரெய்ன் தோட்டா கொடுத்து 1:10 பேரல் வச்சுது. வாங்க வந்தவன் ஒரே ரைஃபிள்ல சின்னதையும் சுடணும் மானையும் சுடணும்னு நினைச்சான், மானுக்கு 100 கிரெய்ன் வேணும்னு நினைச்சான், .244ல 100 போகாதுன்னு பேச்சு பரவிடுச்சு, முடிஞ்சுது கதை. நம்ம சூத்திரத்தையே போட்டுப் பாருங்க, 0.243ஓட வர்க்கத்தை 180ஆல பெருக்கினா 10.6, புல்லட் 1 இன்ச் நீளம்னா 10.6 ட்விஸ்ட் வேணும், 1:10 தாண்டிடும், 1:12 தாண்டாது. அதுலயும் கவனிங்க, உருண்டை மூக்கு 100 கிரெய்ன் புல்லட் குட்டையா இருக்கும், அது .244 பேரல்லயே நிக்க வாய்ப்பு இருந்துச்சு, ஆனா டப்பால 100ன்னு போட்டிருந்தா 100 தானே, நீளத்தை யாரு பாத்தா? ரெமிங்டன் அப்புறம் ட்விஸ்ட்டை 1:9க்கு மாத்தி, 1963ல பேரையும் 6எம்எம் ரெமிங்டன்னு மாத்தி திரும்பக் கொண்டு வந்துச்சு, அதுக்குள்ள .243 ஊரெல்லாம் நிறைஞ்சிருந்துச்சு.

அப்போ எதுக்கு வம்பு, எல்லாத்துக்கும் வேகமான ட்விஸ்ட்டே வச்சுட்டா என்னன்னு கேட்டா, பெரும்பாலும் வைக்கலாம்ங்கிறதுதான் என் பதில். "ஓவரா சுத்தினா குறி கெடும்"னு பயமுறுத்துவாங்க. 1903 ஸ்ப்ரிங்ஃபீல்ட் ரைஃபிளைப் பாருங்க, 220 கிரெய்ன் நெட்டை உருண்டைமூக்கு புல்லட்டுக்காக 1:10 வச்சது, 1906ல புல்லட்டை 150 கிரெய்ன் கூர்மூக்கா மாத்திட்டாங்க, பேரல் 1:10லயே இருந்துச்சு, அந்த ரைஃபிளை யாரும் குறி சரியில்லன்னு சொன்னதில்ல. நம்ம ஊர்ல போலீஸ்காரர் தோள்ல தொங்கின த்ரீ நாட் த்ரீயும் இதே கதைதான், லீ-என்ஃபீல்ட் பேரல் 1:10, இடது பக்கமா திருகும், முதல்ல 215 கிரெய்ன் உருண்டை மூக்கு, 1910ல இருந்து 174 கிரெய்ன் கூர்மூக்கு மார்க் 7. இந்த மார்க் 7ஐ அறுத்துப் பாத்தா ஒரு தமாஷ் இருக்கு, மூக்குக்குள்ள ஈயம் இல்ல, அலுமினியம் இருக்கும், போர்க்காலத்துல மரக்கூழைக் கூட அடைச்சாங்க. அதனால 174 கிரெய்னுக்கு அது கொஞ்சம் ஓவர் நீளம், சுமார் 1.28 இன்ச், சூத்திரத்துல (இது வேகம் கம்மி, அதனால 150தான்) போட்டா 11 சொச்சம் வரும், நல்லவேளை பழைய புல்லட்டுக்குன்னு வச்ச 1:10 ஏற்கனவே பேரல்ல இருந்துச்சு.

ஆனா ஜாஸ்தி முறுக்குக்கு விலையே இல்லன்னும் சொல்லிட முடியாது. பேரல் வாய்ல வேகத்தை அடிக்கணக்குல எடுத்து 720ஆல பெருக்கி ட்விஸ்ட்டால வகுத்தா நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு வரும். 3100 அடி, 1:7ன்னா சுமார் 3,19,000 சுத்து, கார் இன்ஜின் 6000த்துலயே கத்தும், யோசிச்சுக்கோங்க. அந்தச் சுத்துல உறை ஒரு பக்கம் மயிரிழை தடிமனா இருந்தாலும் புல்லட் வெளிய வந்ததும் அந்தப் பக்கமா எகிறும், சின்னப் பிராணிக்குன்னு காகிதம் மாதிரி மெல்லிய உறை போட்டது டார்கெட்டுக்குப் போகாமலே நடுவானத்துல பிரிஞ்சு சாம்பல் கோடா கரைஞ்சுடும். நல்லா செஞ்ச புல்லட்டுக்கு இந்தப் பிரச்சினை ரெண்டுமே கிடையாது. கம்மி ட்விஸ்ட்டால வர்ற நஷ்டம் மொத்தமா போற நஷ்டம், ஜாஸ்தி ட்விஸ்ட்டால வர்றது பேப்பர்ல ஒரு நகக்கண் அளவு நஷ்டம். இன்னொரு விஷயம், தூரம் போகப் போக புல்லட் வேகம் சீக்கிரம் குறையும், சுழற்சி மெதுவாதான் குறையும், அதனால பேரல் வாய்ல நின்னுட்டா போகப் போக இன்னும் நல்லாவே நிக்கும், ஆபத்தான இடம் கிளம்புற இடம்தான்.

காலேஜ்ல என்சிசி கேம்ப்ல பாய்ல படுத்துக்கிட்டு .22ல அஞ்சு ரவுண்ட் சுட்டதோட என் சொந்த அனுபவம் முடிஞ்சு போச்சு. .22 லாங் ரைஃபிளுக்குப் பொதுவா 1:16, 40 கிரெய்ன் வெறும் ஈயம், குட்டை, ஒரு தொந்தரவும் கிடையாது, ட்விஸ்ட்னு ஒண்ணு இருக்குன்னே யாரும் சொல்லித் தரல. இந்தக் கணக்கெல்லாம் என் தலைக்குள்ள வந்தது கலிஃபோர்னியால இருக்கிற மச்சான் புண்ணியத்துல. அங்க ஈயம் தின்னு காண்டார் கழுகு சாகுதுன்னு 2013ல சட்டம் போட்டு, 2019 ஜூலை 1ல இருந்து வேட்டைக்கு ஈயப் புல்லட்டே கூடாதுன்னுட்டாங்க. மச்சான் ஒரு பழைய 6 மில்லிமீட்டர் ரைஃபிளை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி வச்சிருந்தார், 80 கிரெய்ன் ஈயத்துல அருமையா சுட்டுட்டு இருந்தது, சட்டத்துக்காக அதே 80 கிரெய்ன்ல செம்பு வாங்கிப் போட்டா பேப்பர்ல சாவித்துவாரம்!

"எடை ஒண்ணுதானே மாப்ள, டப்பாலயும் அதே 80 தானே போட்டிருக்கு"ன்னு வீடியோ கால்ல ஒரே புலம்பல்.

"ரெண்டையும் காலிப்பர்ல வச்சுப் பாருங்க மச்சான்"னேன். ஈயம் 0.84 இன்ச், செம்பு சரியா 1 இன்ச். ஈயத்தோட அடர்த்தி 11.3, செம்பு 8.9, அதே எடை வரணும்னா நீண்டுதானே ஆகணும்.

அடுத்து பேரல் ட்விஸ்ட்டை அளக்கச் சொன்னேன், ரைஃபிள்ல எங்கயும் அச்சடிச்சிருக்கல. முதல்ல தோட்டா எதுவும் உள்ள இல்லன்னு ரெண்டு தடவை பாத்துக்கணும். அப்புறம் கைப்பிடி சுத்துற மாதிரி இருக்கிற க்ளீனிங் ராடுல ஒரு துணியை இறுக்கமா சுத்தி பேரலுக்குள்ள விட்டு, ராடு மேல மார்க்கர்ல ஒரு புள்ளி வச்சு, மெதுவா தள்ளணும், துணி வரியைப் பிடிச்சுக்கிட்டு ராடைத் திருப்பும், அந்தப் புள்ளி ஒரு சுத்து சுத்தித் திரும்ப மேல வரும்போது ராடு எத்தனை இன்ச் உள்ள போயிருக்குன்னு ஸ்கேல்ல பாக்கணும். துணி லூசா இருந்தா வழுக்கும், நம்பர் பொய் சொல்லும், அதனால மூணு தடவை. மச்சானுக்கு மூணு தடவையும் 12 கிட்டயே வந்துச்சு.

இங்க கிரீன்ஹில்லை விட்டுட்டு டான் மில்லர் 2005ல கொடுத்த சூத்திரத்துக்குப் போனோம், அதுல எடை, நீளம், விட்டம், வேகம், வெப்பநிலை, காத்தழுத்தம் எல்லாம் வரும், விடையா ஒரு ஸ்திரத்தன்மை எண் வரும். 1க்குக் கீழ போனா புல்லட் உருளும், 1.4, 1.5 இருந்தா நிம்மதி, நடுவுல இருந்தா நிக்கும் ஆனா லேசா தலையாட்டி காத்துல வேகத்தை இழக்கும். பிளாஸ்டிக் மூக்கு இருந்தா நீளத்துல அதுக்குன்னு ஒரு திருத்தம் போடணும், இல்லன்னா சும்மா பயமுறுத்தும். 3200 அடி வேகத்துக்கு மச்சானோட ஈயம் 1.6, செம்பு 0.97. அதே செம்பை 1:9 பேரல்ல போட்டதா வச்சுக்கிட்டா 1.7 தாண்டிடுது.

புது பேரல் போட மச்சானுக்கு மனசு வரல, காசும்தான். 0.85 இன்ச் நீளத்துல 65 கிரெய்ன் செம்பு ஒண்ணு தேடிப் பிடிச்சார், லேசா இருக்கிறதால வேகமும் கொஞ்சம் கூட, கணக்குல 1.28 வந்துச்சு, பேப்பர்ல ஓட்டை வட்டமா விழுந்துச்சு. டிசம்பர் குளிர்ல என்ன ஆகும்னு கேட்டார், பூஜ்ஜியம் டிகிரின்னு போட்டா 1.21க்கு இறங்குது. ஆனா அவர் மானுக்குப் போற மலை 1500 மீட்டர் உயரம், அங்க காத்து லேசு, அதைச் சேத்தா 1.45.

"1.45 சரி மாப்ள, ஆனா 65 கிரெய்ன் வச்சு மானைச் சுடலாமா?"ன்னார். அதுக்கு இந்தச் சூத்திரத்துல இடமில்ல.